சுனான் வழக்கு (பினாங்கு, 1846)

சுனான் வழக்கு: 1846ஆம் ஆண்டு ஜூலை மாதம் பினாங்கில் ஒரே ஓட்டத்தில் பலர் குத்திக் கொல்லப்பட்ட நிகழ்ச்சியும், அதைத் தொடர்ந்து எட்டே நாளுக்குள் நடந்து முடிந்த விசாரணையும் தூக்கும். மலாய் மொழியில் ‘அமோக்’ எனப்படும் கொலைவெறியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் வழக்கு இது. குத்தியவர் மலாய்க்காரர். குத்துப்பட்ட பதினொருவரில் எட்டுப் பேர் இந்தியர், மூவர் சீனர். தீர்ப்புச் சொன்னவர் ஆங்கிலேயர். இன்று எந்த நாட்டிலாவது ஒருவர் துப்பாக்கியோடு பள்ளிக்கூடத்திலோ தொழுகையிடத்திலோ புகுந்து சுட்டால், ‘ஏன் செய்தான்?’ என்ற கேள்விக்கு முதல் சில மணி நேரத்திலேயே விடைகள் வந்து குவிகின்றன. மதம், இனம், போதை, நோய், துக்கம் என்று நாம் இன்று கேட்கும் அந்த விடைகள் ஏறக்குறைய எல்லாமே இந்தச் சிறிய வழக்கையும் அதை ஒத்தவற்றையும் சுற்றி 1849க்குள் அச்சேறிவிட்டன.

நடந்தது

சுனான் வீடு கட்டும் தொழில் செய்தவர். ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர் என்றே வழக்குக் குறிப்பு அவரை அறிமுகப்படுத்துகிறது. ஜூலை 8, புதன்கிழமை, அவர் கையில் ஆயுதத்தோடு ஓடி எதிர்ப்பட்டவர்களையெல்லாம் குத்தினார். ஓர் இந்துக் கிழவி, ‘கிளிங்’ எனப்பட்ட தென்னிந்திய ஆண் ஒருவர், ஒரு சீனச் சிறுவன், தகப்பன் கையில் இருந்த ஏறக்குறைய மூன்று வயதுக் கிளிங் சிறுமி ஆகிய நால்வர் கொல்லப்பட்டனர். இந்துக்கள் இருவர், கிளிங்குகள் மூவர், சீனர் இருவர் என ஏழு பேருக்குக் காயம். அந்த ஏழு பேரில் இருவர்தாம் பிழைத்தார்கள். ஆக மொத்தம் ஒன்பது உயிர்.

ஜூலை 13, திங்கட்கிழமை விசாரணை. 15ஆம் தேதி தூக்கு.

விசாரணையில் வெளிவந்த செய்திகள் சுருக்கமானவை, ஆனால் கனமானவை. சுனானின் மனைவியும் குழந்தையும் சற்று முன்னர்தான் இறந்திருந்தார்கள். அந்தத் துக்கம் அவர் முகத்தையே மாற்றிவிட்டது என்று சொல்லப்பட்டது. ஜூன் நடுப்பகுதிவரை சுனான் யாரோடு தங்கியிருந்தாரோ அவரே சாட்சி சொன்னார். குழந்தை உயிரோடு இருந்தபோது சுனான் அதை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வருவார். அது இறந்த பின், துக்கத்தில் கை ஓடவில்லை, வேலை செய்ய முடியவில்லை என்று அடிக்கடி சொல்லிவந்தார். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்றே அந்தச் சாட்சி நினைத்தார். கொலை நடந்த அன்று காலையிலும் அவர் சுனானைக் கண்டிருக்கிறார். தம் படகில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். முடியாது, மனசு தாங்கவில்லை என்று பதில் வந்தது. சுனானின் இரண்டு கைகளும் துணிக்குள் மறைந்திருந்தன. ‘அல்லா, அல்லா’ என்று பலமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாம் என்ன செய்தோம் என்பதே தெரியாது என்று சுனான் நீதிமன்றத்தில் சொன்னார். தூக்குமேடையிலும் அதையே சொன்னார். இத்தனை கொலை செய்தேன் என்று துரைமார் சொல்கிறார்கள், அப்படியானால் செய்துதான் இருப்பேன் என்பது அவருடைய கடைசிப் பேச்சின் சாரம். இதில் ஏளனம் இருப்பதாக எனக்குப் படவில்லை. தம்மைப் பற்றிய செய்தியை அடுத்தவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவரின் குரலாகவே கேட்கிறது.

அமோக் என்ற சொல்

இன்றைய மலாய் எழுத்தில் ‘அமுக்’. வினையாக வரும்போது ‘மெங்காமுக்’. பழைய மலாய் இலக்கியத்தில் இது நோயின் பெயரல்ல, போர்க்களத்துச் சொல். உயிரைப் பொருட்படுத்தாமல் பகைவர் நடுவே பாய்வதை அது குறித்தது. ஹங் துவா காவியத்தில் ஹங் ஜெபாட் செய்யும் அமோக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் அச்சம் பாதி, பெருமை பாதி.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிய உலகமல்ல. அரசனோடு உயிர்விடச் சூளுரைத்த சோழர் காலத்து வேளைக்காரப் படையினர் உண்டு. சாமூதிரியின் ஆட்களைத் தாக்கிச் சாவதற்கென்றே திருநாவாயின் மாமாங்கத்துக்கு வள்ளுவநாட்டிலிருந்து வந்த சாவேறுகள் உண்டு. மலபார்க் கரையில் இத்தகைய வீரர்களைப் பார்த்த போர்த்துகீசியர் ‘அமோக்கோ’ என்ற ஒலியிலேயே அவர்களைக் குறித்தார்கள். இதனால் இந்தச் சொல் மலாயிலிருந்து மேற்கே வந்ததா, இந்தியாவிலிருந்து கிழக்கே போனதா என்று ஒரு விவாதமே நடந்தது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் அவருடைய கூட்டாளி யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இதைப் பல பக்கங்களில் அலசுகிறது. மலாய்ச் சொல்லே என்பது இன்று பெரும்பான்மைக் கருத்து.

ஐரோப்பியப் பயணிகளின் கையில் சொல்லின் பொருள் மாறியது. 1770இன் கடைசி மாதங்களில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தங்கிய கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக்கின் பயணக் குறிப்பில் அமோக் அபினியோடு சேர்ந்தே வருகிறது. அபினி தின்று வெறிகொண்டவன் தெருவில் ஓடிக் கண்டவரை வெட்டுவான் என்பது அக்காலத்து ஐரோப்பிய நூல்களில் மாறாமல் வரும் விளக்கம். பினாங்கில் இந்த விளக்கத்துக்குத் தனிச் சுவை உண்டு. இங்கே அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனி அரசே. சுனானோ புகைக்காதவர் என்று சாட்சி சொன்னார். அபினிக் காரணம் இந்த வழக்கில் வாசலிலேயே நின்றுவிட்டது.

நீதிபதி கண்ட காரணம்

1807ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி பினாங்கில் ரெக்கார்டர் நீதிமன்றம் அமைந்தது. 1846இல் அதன் ரெக்கார்டர் சர் வில்லியம் நோரிஸ். அவர் சுனானுக்குத் தண்டனை அறிவித்துப் பேசிய உரை, ஜே. ஆர். லோகன் நடத்திய ‘இந்தியத் தீவுக்கூட்ட இதழ்’ என்ற ஆங்கில ஆராய்ச்சி ஏட்டில் 1849இல் அச்சாயிற்று. அமோக்கைப் படிப்பவர்கள் இந்த உரையைத் தவறவிடுவதில்லை. காரணம், அது தன்னைத்தானே முறித்துக்கொள்ளும் விதம்.

உரையின் முற்பகுதியில் நோரிஸ் சொல்வது சட்டப்படி சரியானது. இந்தக் கொலைகளைச் செய்வதற்கு முன்னும் செய்தபோதும் சுனானின் உள்ளத்தில் என்ன ஓடியது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். நீதி வழங்குவதற்கு அதை நாம் முழுதும் விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்கிறார். கொல்லும் எண்ணம் வேறு, கொலைக்குத் தூண்டிய காரணம் வேறு. முதலாவதை மெய்ப்பித்தால் போதும், இரண்டாவது கிடைத்தால் நல்லது. ஆங்கிலக் குற்றவியல் சட்டத்தின் பழைய பாடம் இது. இன்றைய மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தூண்டுகாரணத்தைப் பொருத்தமான செய்தியாக ஏற்கிறது, கட்டாயமாக்கவில்லை; 2024 வரை நடப்பில் இருந்த இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் அப்படியே.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடவுளுக்கு மட்டுமே தெரியும் என்று ஒதுக்கிய உள்ளத்துக்குள் சில வரிகளுக்குள்ளேயே நீதிபதி நுழைந்துவிடுகிறார். இத்தகைய கொடுமைகளைக் கிறிஸ்தவரோ இந்துவோ சீனரோ செய்வதில்லை, முகம்மதியரே செய்கிறார்கள், அதிலும் மலாய்க்காரரிடையே இது மிகுதி, ஆகவே இதற்கு முகம்மதியக் கொலை என்றே பெயர் சூட்டலாம் என்று முழங்குகிறார். அச்சிட்டபோது உரைக்குக் கொடுத்த தலைப்பும் அமோக்கை இஸ்லாத்தோடு முடிச்சுப் போடுகிறது. மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்த வீடு கட்டும் தொழிலாளி ஒருவரின் வழக்கு இப்படி ஒரு மதத்தின் மீதான வழக்காயிற்று.

தண்டனையிலும் அந்த நோக்கு தெரிகிறது. தூக்கிலிட்டால் போதாது, உடலை அறுத்துப் பார்க்க வைத்தியர்களிடம் கொடுக்க வேண்டும், சிதைந்த உறுப்புகளை உறவினரிடம் அடக்கத்துக்குத் தராமல் கடலிலோ பள்ளத்திலோ எறிய வேண்டும், அல்லது தரையில் சிதறவிட வேண்டும், எது என்பது ஷெரிப்பின் விருப்பம் என்றார் நோரிஸ். கொலைகாரனின் உடலை அறுக்கும் தண்டனையை இங்கிலாந்து 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டத்தால் கைவிட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, ஜனாஸாத் தொழுகை தொழுது அடக்கம் செய்வது முஸ்லிம் சமூகத்தின் கடமை. அந்தக் கடமையைத் தடுப்பது செத்தவருக்கான தண்டனையல்ல, உயிரோடு இருக்கும் முழு ஊருக்குமான எச்சரிக்கை.

இன்னொரு கணக்கும் உண்டு. லண்டனில் 1843இல் பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற மெக்நாட்டனைப் பித்தர் எனக் கண்டு ஜூரிகள் விடுவித்தார்கள். அதிலிருந்து பிறந்த மெக்நாட்டன் விதிகள்தாம் பித்துநிலை வாதத்தின் அடிப்படை. 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், அதே எண்ணில் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் இருக்கும் பிரிவும் அந்த வழியில் வந்தவை. அந்த விதிகள் பிறந்து மூன்று ஆண்டுகளான பின் பினாங்கில் ஒரு சாட்சி கூண்டில் நின்று ‘பைத்தியம் என்றே நினைக்கிறேன்’ என்று சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தூக்கு.

வைத்தியர் கண்ட காரணம்

லோகனின் ஏட்டில் 1849ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே அமோக்கைப் பற்றி வேறு எழுத்துகளும் வந்தன. ஒன்றின் தலைப்பே, அமோக்கையும் கடற்கொள்ளையையும் ஒழிக்க என்ன செய்யலாம் என்று கேட்கிறது. நிர்வாகக் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோப்பில் அடங்கும் தொல்லைகள்.

மற்றொன்று சிங்கப்பூர் அரசு வைத்தியர் தாமஸ் ஆக்ஸ்லி எழுதியது. சிங்கப்பூரின் ஆக்ஸ்லி சாலை இவர் பெயரில்தான் இருக்கிறது. நோரிஸைப் போல மேடையில் நின்று பேசியவரல்ல. அமோக் செய்து பிடிபட்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தவர். மறுநாள் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வதாக எழுதுகிறார்: சைத்தான் எனக்குள் புகுந்தான், கண் இருண்டது, என்ன செய்தேன் என்று தெரியாது. இருபது முறையாவது இதைக் கேட்டதாகச் சொல்கிறார். மலாய்க்காரர் வாயில் இது ‘மாத்தா கெலாப்’, கண் இருளல். அதற்கு முந்திய நிலைக்கும் பெயர் உண்டு: ‘சாக்கிட் ஹாத்தி’, நெஞ்சு நோவு. மனத்தாங்கலும் வஞ்சமும் அவமானமும் கலந்த அந்த நோவு உள்ளே ஊறிக் கிடந்து ஒரு நாள் கண்ணை மறைக்கிறது என்பது ஊர் மக்களே வைத்திருந்த விளக்கம்.

ஆக்ஸ்லி பரிசோதித்தவர்களில் பலருக்கு வயிற்று நோயோ ஆறாத புண்ணோ இருந்தது. ஆகவே குற்றவாளி குடலாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கூடவே தாம் கண்டவர்களில் நான்கில் மூன்று பங்கு பூகிஸ் இனத்தார் என்றும் எழுதினார். நோரிஸ் இஸ்லாத்தைச் சுட்டிய அதே ஏட்டில் இன்னொருவர் சுலாவெசித் தீவுக்காரர்களான பூகிஸ்களைச் சுட்டுகிறார். அந்தப் பக்கங்களில் மற்றோர் எண்ணமும் தலைகாட்டுகிறது: துக்கத்தை உதறிவிட்டு எழும் மீள்திறன் மலாய் மனத்துக்குக் குறைவு, அது ஒரே இருட்டாகச் சூழ்ந்துகொள்கிறது என்று. துக்கம் என்ற சொல் இங்கேதான் அரங்குக்கு வருகிறது. ஆனால் சுனானின் துக்கமாக வரவில்லை. ஓர் இனத்தின் குணக்கேடாக வருகிறது.

அடுத்த அரை நூற்றாண்டில் அமோக் முழுமையாக வைத்தியர் கைக்குப் போயிற்று. சிங்கப்பூர் மனநோய் விடுதியின் தலைவர் கில்மோர் எல்லிஸ் 1893இல் இதைப் பற்றி மனநோய் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். 1901இல் கிம்லெட் என்ற மருத்துவர் நான்கு அடையாளங்களை வகுத்தார்: முதலில் மனச்சோர்வு, பின் திடீரென்று கட்டுமீறிய கொலைவெறி, காரணமே இல்லாமல் கொன்றுகொண்டே போகும் பிடிவாதம், கடைசியில் செய்தது நினைவில்லாமை. இந்தப் பட்டியலில் ‘காரணமே இல்லாமல்’ என்பது அடையாளங்களில் ஒன்றாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். காரணம் தெரியவந்தால் அது உண்மையான அமோக் அல்ல என்ற நிலை. தேடல் முடிந்துவிட்டது என்பதைவிடத் தேடல் தடைசெய்யப்பட்டது என்று சொல்லலாம்.

எழுத்தாளர்களான அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. பிராங்க் சுவெட்டன்ஹாம் தம் ‘மலாய்ச் சித்திரங்கள்’ நூலில் 1891இல் பேராவில் நடந்த ஓர் அமோக்கை நிமிடம் நிமிடமாக வருணித்தார். ஹியூ கிளிஃபர்ட் திரெங்கானுப் பிரபு ஒருவரின் அமோக்கை எழுதினார். ஐரோப்பியன் தற்கொலை செய்துகொள்ளும் மனநிலையில்தான் மலாய்க்காரன் அமோக்கில் இறங்குகிறான் என்பது கிளிஃபர்டின் பார்வை. தற்கொலை மார்க்கத்தில் விலக்கப்பட்டது. பிறர் கையால் சாகலாம். இன்று பல துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிச் சொல்லப்படும் விளக்கமும் இதுதான்: சுட்டவர்கள் உயிரோடு திரும்பும் திட்டத்தோடு போவதில்லை.

உள்ளேயிருந்து ஒரு விளக்கம்

1970இல் மகாதீர் முகம்மது ‘மலாய்க்காரர் இக்கட்டு’ நூலை வெளியிட்டபோது அமோக் புதிய வேலைக்கு அமர்த்தப்பட்டது. 1969 மே 13 இனக் கலவரத்தின் சூடு ஆறாத காலம். மலாய்க்காரர் பணிவானவர், விட்டுக்கொடுப்பவர், மனத்தில் பட்டதை வெளியே சொல்லாதவர். அடக்கி வைத்தது ஒரு நாள் உடைந்து வெளிவருவதே அமோக் என்றார் மகாதீர். நூல் மலேசியாவில் தடை செய்யப்பட்டு, அவர் பிரதமரான 1981இல்தான் தடை நீங்கியது. அவர் விளக்கத்தில் மருத்துவம் கொஞ்சம், அரசியல் நிறைய. காலனி அதிகாரிகள் தூற்றுவதற்குக் கையாண்ட அதே இனக்குணத்தை அவர் எச்சரிப்பதற்குக் கையாண்டார். ஒரு தனி மனிதனின் கொலைவெறியை ஒரு முழு மக்களின் முகமாக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

இதற்கு எதிரான சான்றுகள் பின்னர் வந்தன. சரவாக்கில் நடந்த ஓர் ஆய்வு, 1977இல் வெளியானது, அமோக் செய்தவர்கள் மலாய்க்காரர் மட்டுமல்ல, பல இனத்தார் என்று காட்டியது. லாவோஸில் கையெறி குண்டு வீசிப் பலரைக் கொன்றவர்களைப் பற்றி வெஸ்டர்மேயர் 1973இல் எழுதியதும், ஆயுதமும் இனமும் மாறினாலும் கதையின் உருவம் மாறவில்லை என்பதையே காட்டுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு அமோக்கைப் பண்பாட்டோடு பிணைந்த நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பின் சொற்பட்டியலில் அது இல்லை. மலாய்க்காரருக்கே உரிய நோய் என்ற பட்டத்தை மருத்துவம் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாளிதழ்த் தலைப்புகளில் ‘மெங்காமுக்’ ஓயவில்லை. கணவன் வீட்டுச் சாமானை உடைத்தாலும் அதே சொல், பன்றி ஊருக்குள் புகுந்தாலும் அதே சொல்.

துப்பாக்கிக் காலம்

மலேசியாவில் துப்பாக்கி எளிதில் கிடைக்காது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் குற்றத் தண்டனைச் சட்டமும் கடுமையானவை. பின்னதில் இருந்த கட்டாய மரண தண்டனை 2023இல்தான் நீதிபதியின் விருப்புரிமைக்கு மாற்றப்பட்டது. ஆகவே பொது இடத்தில் கண்மண் தெரியாமல் சுடும் நிகழ்ச்சிகள் இங்கு மிக அரிது. நினைவில் நிற்பது 1987 அக்டோபர் 18ஆம் தேதி கோலாலம்பூர் சவ் கிட் பகுதியில் நடந்தது. இராணுவ வீரர் ஒருவர் எம்-16 துப்பாக்கியோடு தெருவில் சுட்டார்; ஒருவர் இறந்தார்.

இறந்தவர் எண்ணிக்கை சிறியது. விளைவு அப்படியல்ல. சீனப் பள்ளி நிர்வாகிகள் நியமனத்தை ஒட்டி நாடு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. முந்திய நாள்தான் தலைநகரில் ஆளும் மலாய்க் கட்சியான அம்னோவின் இளைஞர் பேரணி. சுட்டவர் யார், சுடப்பட்டவர் எந்த இனம் என்று தெரியும் முன்பே ‘மறுபடியும் மே 13’ என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. ஏன் சுட்டார் என்பதற்கு அன்று கிளம்பிய வதந்திகள் இன்றும் கோப்பிக் கடைகளில் உயிரோடு இருக்கின்றன. அக்டோபர் 27இல் ‘ஓப்பராசி லாலாங்’ என்ற கைது நடவடிக்கை தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் அன்றைய ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர் கர்பால் சிங், பினாங்கின் அலிரான் இயக்கத் தலைவர் சந்திரா முசாபர் ஆகியோரும் அடக்கம். மூன்று நாளிதழ்களின் உரிமம் நிறுத்தப்பட்டது. ஒரு வீரரின் மனத்தில் என்ன இருந்தது என்று தெரிவதற்குள், அவர் சுட்ட குண்டு எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

வெளிநாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பக்கத்தில் வைத்தால் சுனான் வழக்கு இன்னும் துலங்கும். நார்வேயில் 2011 ஜூலை 22இல் 77 பேரைக் கொன்றவரை இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்தன. முதல் குழு பித்தர் என்றது, இரண்டாம் குழு இல்லை என்றது. நீதிமன்றம் மாதக்கணக்கில் கேட்டுவிட்டுத் தெளிந்த புத்தியோடு செய்தார் என 2012 ஆகஸ்டில் தீர்த்தது. லாஸ் வேகாஸில் 2017 அக்டோபர் 1ஆம் தேதி விடுதி சன்னலிலிருந்து இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மீது சுட்டவர் விஷயத்தில், காவல்துறை 2018இல் காரணம் கண்டுபிடிக்காமலேயே விசாரணையை முடித்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையும் தெளிவான ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை என 2019 ஜனவரியில் அறிவித்தது. அந்த விடையை ஏற்க மனம் வராதவர்கள் இன்றும் சதிக்கதை பின்னுகிறார்கள்.

பினாங்குக்கு மிக அருகில் இருப்பது தாய்லாந்து. 2022 அக்டோபர் 6ஆம் தேதி நோங் புவா லம்பு மாநிலத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட காவலர் ஒருவர் கத்தியோடும் துப்பாக்கியோடும் குழந்தைகள் காப்பகத்தில் புகுந்தார். கொல்லப்பட்ட 36 பேரில் 24 பேர் குழந்தைகள். வேலை போனது போதைப்பொருள் வழக்கில். ஆகவே முதல் நாள் செய்தியெல்லாம் போதை. பின்னர் வந்த பிரேதப் பரிசோதனையில் அவர் உடலில் போதைப்பொருள் இல்லை. குக் காலத்து அபினிக் கதை சற்றுப் பெயர் மாறி ஒரு நாள் முழுக்க உலகைச் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

இறந்தவர்கள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15இல் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மலேசிய இளைஞர் ஒருவரும் அவர்களில் உண்டு. அடுத்த சில நாளில் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில், சுட்டவன் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை, இறந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். அவன் எழுதி வைத்த அறிக்கையை வைத்திருப்பதே குற்றமாயிற்று. காரணத்தைத் தேடும் ஆவல் கொலைகாரனுக்கே மேடை போட்டுக் கொடுக்கிறது என்ற எண்ணம் அதற்குள் பல நாடுகளில் பரவியிருந்தது.

1846ஆம் ஆண்டு வழக்கின் பதிவு இதற்கு நேர் எதிர். சுனானின் பெயர் இருக்கிறது. தொழில், துக்கம், கடைசிப் பேச்சு எல்லாம் இருக்கின்றன. குற்றச்சாட்டு ஒரே கொலைக்காகத் தொடுக்கப்பட்டதால், கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பெயர் மட்டும் தீர்ப்புரையில் இடம்பெற்றது: ‘கிர்ஷ்னன்’ என்று எழுத்துப் பிசகி நிற்கும் கிருஷ்ணன். மற்றவர்கள் மதமாகவும் இனமாகவும் மட்டுமே பதிவாகியிருக்கிறார்கள்.

‘கிளிங்’ என்பது கலிங்கத்திலிருந்து வந்த பழைய மலாய்ச் சொல். கடல் கடந்து வந்த தென்னிந்தியர் எல்லோரையும், பினாங்கில் பெரும்பாலும் தமிழரை, அது குறித்தது. அன்று அதில் இழிவு இல்லை. 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் அது மதிப்போடு நிற்கிறது. பின்னாளில் அது வசைச்சொல்லாக மாறியதால் இன்று மலேசியத் தமிழர் முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் சண்டைதான். சூலியாக்கள் பெயரில் ஒரு நீண்ட வீதியும், 1833இல் அமைந்த மகா மாரியம்மன் கோவிலும், பள்ளிவாசலும் சில நிமிட நடையில் அடங்கும் ஜார்ஜ் டவுனில், அந்தப் புதன்கிழமை எட்டு இந்தியக் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நோரிஸின் உரை கேட்கவில்லை. அவர்களின் இரத்தம் பழிக்காகக் கூவுகிறது என்று மட்டும் சொன்னது.

வழக்கை அச்சேற்றிய லோகன் பின்னர் பினாங்கிலேயே வழக்கறிஞராக வாழ்ந்து 1869இல் மறைந்தார். எளியவர்களுக்காக வாதாடியவர் என்று ஊர் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது. லைட் தெருவில் உயர் நீதிமன்றத்துக்கு முன்னால் அது நிற்கிறது. அவர் ஏட்டின் மூன்றாம் தொகுதியைப் புரட்டினால் தகப்பன் கையிலிருந்த அந்தச் சிறுமியைப் பற்றி இருப்பது இவ்வளவே: கிளிங், பெண், வயது ஏறக்குறைய மூன்று.